றெஜினா அக்கா என்னிடம் கேட்காதது

செய்தி வந்தபோது நான் அறைக்குள் இருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் அழுதுகொண்டிருந்தார். குடியை விட வருகிறவர்களோடு கதைக்கும் எங்கள் இடத்தில் அறைக்கதவு சாத்தியிருந்தால் யாரும் தட்டுவதில்லை. அழுதவர் முகத்தைத் துடைத்து, சேர்ட்டை இழுத்துச் சரிசெய்து, அடுத்த கிழமை வருவதாகச் சொல்லிப் போகும்வரை, இந்த இடத்தை நடத்தும் பாதிரியார், எங்கள் சுவாமி, வெளியே வெயிலில் நின்றிருக்கிறார். நான் வெளியே வந்ததும் சொன்னார்:

"றெஜினா மோசம் போயிட்டா, தம்பி. நெஞ்சுக்கை நோகுது எண்டவவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேக்கையே முடிஞ்சுது."

எப்போது என்று கேட்டேன். காலையில் என்றார். எனக்குக் கோபம் வந்தது.

"அப்ப ஏன் சுவாமி கதவைத் தட்டேல்லை?"

"தட்டியிருந்தால் அவளே எழும்பி வந்து என்னைக் கிழிச்சிருப்பாள்."

உண்மைதான். கிழித்திருப்பார்.

அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்கு ஒரு சிறு புத்தகம் அச்சடிக்கிறார்கள். அதில் நானும் எழுத வேண்டும் என்று சுவாமி சொல்லிவிட்டார். குருநகரில் அக்காவைத் தெரியாதவர் இல்லை. கிழிந்த வலை பொத்துகிற றெஜினா, கோயிலில் எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடுகிற றெஜினா, செபமாலையின் மனைவி றெஜினா. எனக்குத் தெரிந்தது வேறொரு றெஜினா. குடியை விட முடியாமல் தவிக்கிறவர்களோடு எப்படிக் கதைப்பது என்று பழக்கும் வகுப்பில் என்னோடு படித்தவர். பிறகு எனக்குப் பக்கத்து அறையில் வேலை செய்தவர்.

செபமாலை அண்ணையை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத முடியாது. ஆகவே அவரிடமே போய்க் கேட்டேன். "நான் குடிச்சது ஊருக்கே தெரியும். எழுதும். அறைக்குள்ளை இருந்து உம்மட்டைச் சொன்னதை மட்டும் விடும்," என்றார். அதை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

நான் சுன்னாகத்து ஆள். வெங்காயத் தோட்டக் குடும்பம். உயர்தர வகுப்பைப் பாதியில் விட்டேன். ஒரு கராஜில் சேர்ந்து அதையும் விட்டேன். வீட்டில் என்னோடு கதைப்பதை நிறுத்தியிருந்தார்கள். குடிகாரர்மேல் இரக்கப்பட்டு நான் அந்த வகுப்புக்குப் போகவில்லை. சான்றிதழ் கேட்காமல் சேர்க்கிறார்கள், இடைவேளைக்குத் தேத்தண்ணியும் பணிசும் கொடுக்கிறார்கள் என்று ஒருவன் சொன்னான். போனேன்.

நல்லூர்ப் பக்கம் ஒரு பழைய வீட்டின் முன்கூடம். சனிக்கிழமைகளில் வகுப்பு. தமிழில் புத்தகம் ஒன்றும் கிடையாது. சுவாமி இந்தியாவுக்குப் போய்ப் படித்துக்கொண்டு வந்ததைத் தமிழில் சொல்வார். முதலில் கேட்கப் பழகவேண்டும். பிறகு ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும். பிறகு ஒரு ஆளைப் பொறுப்பெடுத்து, அவர் சொன்னதை விட்டு, நாங்கள் கேட்ட விதத்தை மட்டும் சுவாமியிடம் கிழமைக்குக் கிழமை ஒப்புவிக்கவேண்டும். அதிலும் நின்றுபிடித்தால்தான் தனி அறை. எங்களுக்கு என்ன பெயர் என்பது மட்டும் கடைசிவரை முடிவாகவில்லை. ஆலோசகர் என்று போடலாமா என்று ஒருவர் கேட்டார். ஆலோசனை சொல்வதைத்தான் முதலில் மறக்கவேண்டும் என்றார் சுவாமி.

முதல் நாளே இரண்டு விதிகள் போட்டார். வருகிறவரிடம் எவ்விடம், ஆருடைய ஆள் என்று கேட்கக்கூடாது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அது கேக்காமல் யாழ்ப்பாணத்திலை எப்பிடிச் சுவாமி கதை தொடங்கிறது?"

"அது கேட்டால் கதை அங்கையே முடிஞ்சுது, பிள்ளை."

இரண்டாவது விதி அக்காவின் சிரிப்பை நிறுத்திவிட்டது. சொந்த வீட்டு ஆளுக்கு இந்த வேலையைச் செய்ய முடியாது. அக்கா எழும்பி நின்றார். இப்போது நினைத்தாலும் அந்த நிலை கண்ணில் நிற்கிறது. பை தோளில், ஒரு கால் செருப்புக்குள்.

"என்ரை மனிசன் குடிக்கிறார். அதை நிப்பாட்டுற வழியைப் படிச்சுக்கொண்டு போய் அவருக்குச் செய்யத்தான் நான் வந்தனான். வேறை ஒண்டுக்கும் வரேல்லை. அவருக்குச் செய்யேலாதெண்டால் நான் ஏன் இஞ்சை?"

"உம்மடை மனிசனோடை வேறை ஆரும் கதைக்கட்டும். நீர் வேறை ஆற்றையும் மனிசனோடை கதையும்."

"ஆர் கதைக்கிறது? ஊர் ஆக்களைக் கண்டால் அந்தாள் வாய் திறக்காது."

சுவாமி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அந்த ஊரோடு ஒரு தொடர்பும் இல்லாதவன் நான் ஒருவன்தான் இருந்தேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உவரோ? உவருக்கு இன்னும் மீசையே ஒழுங்கா வரேல்லை."

"உங்கடை மனிசன் மீசையோடையோ கதைக்கப்போறார்?" என்றேன்.

கூடம் முழுக்கச் சிரித்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப வந்து இருந்தார்.

ஆனால் செபமாலை அண்ணை என்னிடம் வர நெடுநாள் எடுத்தது. அதுவரை எங்களையே எதிரெதிரே இருத்திக் கேட்கப் பழக்கினார்கள். ஒருவர் தன் கவலையைச் சொல்லவேண்டும்; மற்றவர் புத்தி சொல்லாமல் கேட்கவேண்டும். நான் வாய் நுனியில் புத்தியோடு பிறந்தவன். எதிரில் இருப்பவர் இரண்டு வசனம் சொல்லுமுன் "நீங்கள் அப்பிடிச் செய்யாமல் இப்பிடி..." என்று தொடங்கிவிடுவேன். அக்கா ஒருநாள் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டு, "தம்பி, வாயைத் திறக்கிறது எங்களுக்குப் பிறக்கேக்கையே தெரியும். மூடுறதுக்குத்தான் இவ்வளவு காலம் படிக்கிறம்," என்றார். அவருக்கும் அது சுலபமாக வரவில்லை. கேட்கும்போது உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார். சில நாட்களில் உதடு வீங்கியிருக்கும்.

வாட்டுக்குப் போன நாளை மறக்க முடியாது. குடியைத் திடீரென்று விட்ட ஒருவர் கட்டிலில் நடுங்கிக்கொண்டிருந்தார். போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று சொல்லித் தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தார். போர்வையில் ஒன்றும் இல்லை. இது நோய், நடிப்பல்ல. ஆள் சாகவும் கூடும் என்று டொக்டர் விளக்கினார். அக்கா வெளியே போய்விட்டார். நான் போய்ப் பார்த்தேன். கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்கடை வீட்டிலையும் இதுதான் நடந்தது. எறும்பு எண்டு கத்தினவர். நடிக்கிறார் எண்டு நான் தும்புத்தடியாலை அடிச்சனான், தம்பி."

நான் ஒரு வாளி தண்ணீர் அள்ளி அவர் பக்கத்தில் வைத்தேன்.

பிறகு செபமாலை அண்ணை என்னிடம் வந்தார். அக்கா என்ன சொல்லிக் கொண்டுவந்தாரோ தெரியாது. பெரிய உடம்பு, கடலில் வெந்த முகம், கதிரையின் நுனியில் இருந்தார். எல்லாருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன்: இங்கே சொல்வது இந்தக் கதவைத் தாண்டாது. "ஓமோம், தெரியும்," என்று தலையாட்டினார். முதல் சில கிழமைகள் வலையில் மீன் படுவதைப் பற்றியும் காற்றைப் பற்றியும் கதைத்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக மற்றதும் வந்தது.

வகுப்பு முடிந்தால் அக்கா குருநகருக்கு பஸ் எடுக்க நடப்பார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடப் போவேன். அவர் புருஷன் தன் வாழ்க்கையை எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்; அது எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. பஸ் எடுக்கும் இடம்வரை ஒழுங்கை வழி முழுக்க அக்கா கத்தரிக்காய் விலையையும் என் சேர்ட்டில் அறுந்த பொத்தானையும் பற்றிக் கதைப்பார். ஒருநாள்கூட "அவர் என்ன சொன்னவர்?" என்று கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று அவர் உடம்பு முழுக்கத் துடிப்பது எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறி யன்னல் பக்கம் இருந்ததும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார். நான் சுன்னாகம் வரை தனியே மிதித்துப் போவேன். வீட்டிலும் ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. இந்தத் தொழிலில் ஊருடைய துக்கம் முழுவதும் காதில் விழும். ஒரு சொல்லையும் எவரோடும் பகிர முடியாது. அதற்கு ஒரு பாடமும் வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

செபமாலை அண்ணை குடியை நிறுத்தினார். கள்ளுத் தவறணைப் பக்கம் போகாமல் கடற்கரையால் சுற்றி வீட்டுக்குப் போகப் பழகினார். அந்த நேரம் பார்த்து அக்கா ஒரு பிழை விட்டார்.

எங்கள் பக்கத்தில் குடிகாரரைத் திருத்த எல்லாருக்கும் தெரிந்த வழி ஒன்றுதான். சத்தியம் வாங்குவது. சைவக்காரர் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைக்க வைப்பார்கள். வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர்கள் புனிதரின் சொரூபத்தைத் தொட வைப்பார்கள். சுவாமி கோயில் குருவாக இருந்தும் அதை வேண்டாம் என்பார். சத்தியத்தை முறித்தவன் குடித்த வெட்கத்தோடு சாமியை ஏமாற்றிய வெட்கத்தையும் சேர்த்துச் சுமப்பான். அதை மறக்கத் திரும்பவும் குடிப்பான். இந்தப் பாடத்தை எங்களில் நன்றாகத் திருப்பிச் சொன்னவர் அக்காதான். திருநாள் அன்று பூசை முடிந்ததும் அதே அக்கா புருஷனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய், சனம் பார்க்கச் சொரூபத்தின் காலைத் தொட வைத்தார்.

அடுத்த கிழமை செபமாலை அண்ணை குடித்தார். அதற்கடுத்த நாள் ஊரிலேயே இல்லை. முல்லைத்தீவுப் பக்கம் கடற்கரையில் ஓலைக்கொட்டில் வாடி போட்டுத் தொழில் செய்யும் ஆட்களோடு போய்விட்டார். மீன்பிடிப் பருவம் முடியும்வரை வரமாட்டார்.

சனிக்கிழமை அக்கா கூடத்தின் நடுவில் நின்று சொன்னார்.

"நான்தான் கெடுத்தனான். குடிக்கேக்கை எனக்குப் பயமில்லை, பழகிப்போச்சு. நல்லா வந்துகொண்டிருக்கேக்கைதான் பயம் வந்தது. கையிலை பிடிச்சு வைச்சிருக்க ஏதும் வேணும் போலை கிடந்தது."

அக்கா கதிரையில் இருந்து உதட்டைக் கடித்துக்கொண்டார். அவர் வகுப்பை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் விட்டிருப்பேன். விடுவதில் எனக்கு அனுபவம் உண்டு. அவர் விடவில்லை. புருஷன் கண்காணாத இடத்தில் குடித்துக்கொண்டு கிடக்க, இங்கே மற்றவர்களுடைய புருஷன்மாரோடு கதைத்தார். அந்தப் பருவம் முடியுமுன் சுவாமி அவருக்குத் தனி அறை கொடுத்தார். எனக்கும் பக்கத்து அறை கிடைத்தது. அன்று பஸ்ஸுக்கு நடக்கும்போது, "வகுப்பிலை எண்டாலும் பாஸ் பண்ணிட்டன், தம்பி," என்றார்.

ஒரு காலையில் செபமாலை அண்ணை நேரே வாடியிலிருந்து வந்து நின்றார். உடம்பு பாதியாகியிருந்தது. பேப்பரில் சுற்றிய கருவாடு ஒன்றை என் மேசையில் வைத்தார். "கதிரை கிடக்கோ?" என்று கேட்டார். கிடந்தது. அன்று தொடங்கியவர் பிறகு ஒரு கிழமையும் தவறவில்லை. குடியையும் தொடவில்லை. ஒரு சத்தியமும் இல்லாமல்.

அதற்குப் பிறகு ஒருநாள் அவர் என்னிடம் ஒன்று சொன்னார். சொல்லி முடிக்க அவருக்கு நெடுநேரம் எடுத்தது. அது அக்காவைப் பற்றியது. இவ்வளவுதான் எழுதலாம்.

அன்று அக்காவோடு நடக்கும்போது என் வாய் நிற்கவில்லை. இத்தனை காலம் அவர் எதற்காகக் காத்திருந்தாரோ அது என் நாக்கில் இருந்தது.

"அக்கா, இண்டைக்கு அண்ணை..."

அக்கா என் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, நீர் இன்னும் ஒரு சொல்லுச் சொன்னால் நான் உம்மோடை நடக்கமாட்டன். கலியாணம் பேசேக்கை அவர் மாமாவைக் கொண்டுதான் கதைச்சவர். சண்டை பிடிச்சால் மச்சாளைக் கொண்டுதான் சமாதானம். சொல்லுறதெல்லாம் ஆற்றையும் வாயாலைதான். ஒருக்கால் எண்டாலும் என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லட்டும். நான் இருக்கிறன்தானே. எங்கை போகப்போறன்?"

பிறகு கையை எடுத்தார். "நல்ல விசயமெண்டு உம்மடை மூஞ்சையிலை தெரியுது. மூஞ்சையை மூடவும் பழகும்," என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அதே மாதம் ஒரு பெண் அக்காவின் அறை வாசலில் நின்று சண்டை பிடித்தார். "எங்கடை அவர் உங்களிட்டை என்னக்கா சொன்னவர்? நான் பெண்சாதி. எனக்குத் தெரியவேணும்."

"அவரிட்டைக் கேள், பிள்ளை."

"கேட்டால் சொல்லுறாரில்லை."

"என்ரை மனிசனும்தான் எனக்குச் சொல்லுறாரில்லை. நான் சமைச்சுத் திண்டுகொண்டுதானே இருக்கிறன்."

பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்டது. என் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பிறகுதான் அந்த நாள் வந்தது; சுவாமி வெயிலில் நின்ற நாள்.

செத்தவீட்டில் செபமாலை அண்ணையைக் கட்டிப்பிடித்து அழுதவர்களில் பாதிப்பேர் குடித்திருக்கிறாரோ என்று அவர் வாயை மணந்து பார்த்தார்கள். இதை எழுதுவதற்காகச் சிலர் என்மேல் கோபப்படுவார்கள். படட்டும். ஒருவருக்கும் ஒன்றும் மணக்கவில்லை. சேமக்காலையில் அக்காவைப் புதைத்து எல்லாம் முடிந்து, சனம் கலைந்தபின், அவர் என்னை மதிலோரம் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, நான் அண்டைக்குச் சொன்னனான் எல்லோ. அதை அவளிட்டைச் சொன்னனீர்தானே?"

"இல்லை அண்ணை."

"கொஞ்சமெண்டாலும்?"

"இல்லை."

"அவள் கேக்கேல்லையோ?"

"கேக்கேல்லை. நான் சொல்ல வெளிக்கிட, மறிச்சவ. நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவ."

அவர் மதிலைப் பிடித்துக்கொண்டார்.

"அவளிட்டைப் போய்ச் சேரட்டும் எண்டுதானே உம்மட்டைச் சொன்னனான். நீர் அவளோடைதானே பஸ்ஸுக்கு நடக்கிறனீர். போய்ச் சேந்திட்டுது எண்டு நான் நினைச்சன். சோறு போடேக்கை முகத்தைப் பாப்பன். தெரிஞ்ச மாதிரித்தான் கிடந்தது."

எங்கள் ஊர்களில் "ஒருத்தருக்கும் சொல்லாதை" என்று சொன்னால், போகவேண்டிய ஆளிடம் கொண்டுபோய்ச் சேர் என்றுதான் கருத்து. அது எனக்குத் தெரியாதா? நானும் இந்த மண்ணில்தானே வளர்ந்தேன். கதவைத் தாண்டாது என்று நான் சொன்னபோது அவர் தலையாட்டியதை விதியை ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். அவரோ நல்லதொரு தூதுவன் கிடைத்துவிட்டான் என்று தலையாட்டியிருக்கிறார். சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவர் இருந்தார். அவர் வாயாலேயே வரும் என்று அக்கா இருந்தார். ஒரே வீட்டில், ஒரே சட்டிச் சோற்றுக்கு முன்னால்.

சுவாமியிடம் கேட்டேன். நான் காத்த விதி சரிதான் என்றார். சரிதான். அதை முறித்திருந்தால் அக்காவே என்னை மன்னித்திருக்கமாட்டார். ஆனால் சரியாக நடந்தவனுக்கு நித்திரை வரும் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை, வரவும் இல்லை.

செபமாலை அண்ணை அடுத்த கிழமையும் வந்தார். இன்றுவரை வருகிறார். குடிக்கவில்லை. பக்கத்து அறையில் இப்போது ஒருவரும் இல்லை. பஸ் எடுக்கும் இடம்வரை சைக்கிளை உருட்டுவதற்கு எனக்குக் காரணமும் இல்லை. வாசலிலேயே ஏறி மிதித்துப் போகிறேன்.

புதிதாக வருகிறவர்களிடம் இப்போது இன்னொரு வசனமும் சேர்த்துச் சொல்கிறேன். இங்கே சொல்வது உங்கள் மனைவியிடமும் போகாது, போகவேண்டும் என்றால் நீங்களேதான் கொண்டுபோக வேண்டும், இண்டைக்கே கொண்டுபோங்கோ. சிலர் முகம் வாடுகிறது. வாடட்டும்.

அக்காவினுடையது என்று அவரவர் வீட்டில் ஏதாவது இருக்கும். அவர் பொத்திய வலை, அவர் பாடிய பாட்டு. என்னிடம் இருப்பது அவருக்கென்று ஒருவர் சொன்ன வார்த்தைகள். அவை என்னிடம்தான் இருக்கின்றன. சொன்னவருக்கு அவை இனி வேண்டாம். கேட்க வேண்டியவர் இல்லை. ஒரு சொல்லும் குறையாமல் வைத்திருக்கிறேன்.